வெட்டுவான் கோயிலும் ஆலய வழிபாடும்: ஓர் ஆராய்ச்சி

திருச்சிற்றம்பலம்

கழுகுமலையிலுள்ள வெட்டுவான் கோயிலைக் காணுதற்பொருட்டு ஆழ்வார்திருநகரியினின்றும் அன்பர் சிலரோடு யாம் சென்றிருந்த ஒருநாள், உடன்வந்தாருள் ஒருவர் அவ்விமானத்தின் எதிரே நின்று கைகுவிக்கத் தொடங்கி, இடையே தயங்கி, "ஐயா, இங்கே கும்பிடலாமா?" என்று வினாவினார். "ஏன் கூடாது?" என்றோம். "உள்ளே சிவலிங்கம் இல்லை, குடமுழுக்கு நிகழ்ந்ததாகவும் தெரியவில்லை, அரசாங்கத்தார் காக்கும் பழஞ்சின்னம் என்கின்றனர். கோயிலாயிற் கும்பிடல் வேண்டும். சிற்பமாயிற் கண்டு மகிழ்ந்து போதல் வேண்டும். இஃது இரண்டனுள் யாது?" என்றார். அன்று யாம் கூறிய விடை அவரை வாயடக்கிற்றேயன்றி எமக்கே நிறைவு தந்திலது. பின்னர்ச் சித்தாந்த நூலையும் கல்வெட்டையும் வைத்து ஆராய்ந்து தெளிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

கழுகுமலை தூத்துக்குடி மாவட்டத்திலே கோவிற்பட்டிக்கு மேற்பால் உள்ளது. அம்மலை மூவகையாற் சிறப்புடையது. அடிவாரத்திற் பாறையைக் குடைந்தமைத்த கருவறையில் முருகப்பெருமான் கழுகாசலமூர்த்தியாய் எழுந்தருளி நாள்வழிபாடு கொண்டருளுகின்றார். அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இப்பெருமான்மீதே. மலைமேல் ஒருபால் தீர்த்தங்கரர் முதலிய சமணத் திருவுருவங்கள் வரிசை வரிசையாகப் பாறையிற் புடைத்துச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைச் செய்வித்தார் பெயர் கூறும் வட்டெழுத்துக் கல்வெட்டுக்கள் நூற்றையொட்டிய தொகையின. மற்றொருபால் உள்ளது வெட்டுவான் கோயில். மலைப்பாறையை ஏறத்தாழ 25 அடி ஆழம் அகழ்ந்து, நடுவே ஒரு பெரும்பாறையைத் தனித்து நிற்கவிட்டு, அதனையே விமானமாகச் செதுக்கியிருக்கின்றனர். கல்லொடு கல் அடுக்கியதன்று. முழுதும் ஒரே கல்.

இவ்விமானத்தின் மேற்பகுதி முற்றுப்பெற்றது. சிகரமும் அதன்கீழ்க் கழுத்துறுப்பும் நுண்ணிய வேலைப்பாடுடையன. கிழக்கே உமையம்மையாரோடு எழுந்தருளிய பெருமானும், மேற்கே திருமாலும், வடக்கே நான்முகனும் அமைந்துளர். தெற்கே தக்கிணாமூர்த்தி மத்தளம் முழக்கும் நிலையிற் காட்சியளிக்கின்றார். மோனத்தாற் பொருளுணர்த்தும் குருமூர்த்தியை மத்தளக் கையராகக் காண்டல் அரிது. இக்குறிகளான் இது சிவாலயமாகக் கருதப்பட்டதென்பது தேற்றம். கீழ்ப்பகுதியோ முற்றுப்பெறவில்லை. உளி பட்டும் படாமலும் பாறை பாறையாகவே நிற்கின்றது. இப்போது உள்ளிருக்கும் பிள்ளையார் பிற்காலத்தே வைக்கப்பட்டவர். செய்வித்தான் இன்னானென்று கூறும் கல்வெட்டும் இதன்கண் இல்லை. சிற்பமுறை நோக்கிப் பாண்டியர் காலத்தது, கி. பி. 8-ஆம் நூற்றாண்டினது என ஆராய்ச்சியாளர் கொள்வர். இன்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினரின் காப்பில் இஃது இருந்துவருகின்றது.

இனி, இக்கோயில் முற்றுப்பெறாமைக்குக் காரணமாக வழங்கும் கதையை முதற்கண் நோக்குவாம். தன் மகனை இளமையிற் பிரிந்த சிற்பி ஒருவன் கழுகுமலையில் வேலைசெய்துகொண்டிருந்தானென்றும், அங்கேயே வேறொரு சிற்பி இவ்விமானத்தைச் செதுக்க, அவன் திறத்தை ஊரார் புகழக்கேட்டுப் பொறாது அவனை உளியால் எறிந்து கொன்றானென்றும், இறக்கும்போது அவன் கூறிய சொல்லால் தன் மகனே என்றறிந்து அலறினானென்றும், அதனால் வேலை நின்றதென்றும் கூறுப. இக்கதை உருக்கமுடையதே. ஆயினும் வரலாறாகக் கொள்ளற்பாலதன்று. என்னை? மலையாள நாட்டிற் பெருந்தச்சன் தன் மகன்மேற் பொறாமையால் உளி வீழ்த்திக் கொன்றான் என்பதும் இதுவே. பெருந்தொழில் கண்ட இடந்தோறும் தந்தை மகற்கொன்ற கதை வந்து ஒட்டிக்கொள்வது உலகியல்பு. மாமல்லபுரத்து ஒற்றைக்கல் தேர்களுள்ளும் அடிப்பகுதி முற்றாதன உள. ஆண்டு மகனை இழந்த சிற்பியை யாரும் தேடியதில்லை. அன்றியும், சிவாலயத்தைக் கொலையொன்றின் நினைவுச்சின்னமாக்கி உலாவரும் இக்கதையைச் சைவர் மீட்டும் மீட்டும் சொல்லி மகிழ்தல் எவ்வாற்றானும் அழகன்று. வெட்டுவான் என்னும் பெயர் கல்வெட்டும் சிற்பியையே குறித்து நின்றதெனக் கொள்ளின் இழுக்கொன்றுமில்லை.

இதனைத் 'தென்னாட்டு எல்லோரா' என்று கூறும் வழக்கும் ஆராயத்தக்கது. எல்லோராவிலுள்ள கைலாசநாதர் கோயிலும் மேலிருந்து கீழ்நோக்கி மலையை அகழ்ந்து செய்ததே. இராட்டிரகூட மன்னன் முதற் கிருட்டிணன் பணியென்பர். தொழில்முறை ஒன்றாயினும் நிலை ஒன்றன்று. அது முடிவுற்ற பெருங்கோயில். இது முடிவுறாத சிறுகோயில். புகழ்ச்சியாக இட்ட அப்பெயர் இதன் உண்மை நிலையை மறைக்கின்றது. இதன் தனிச்சிறப்பு, முடிவுறாமையாலேயே தொழில்முறை முழுவதும் வெளிப்பட்டு நிற்பதாம். முற்றிய பகுதியினின்று முற்றாத பகுதிவரை கண்ணை இறக்கிக்கொண்டு வரின், சிற்பி முதலிற் செய்தது யாது, பின் செய்தது யாது, எவ்விடத்துக் கைநிறுத்தினான் என்பதெல்லாம் ஏடு படித்தாற்போலப் புலனாம். முற்றுப்பெற்ற கோயில் எதுவும் இதனைக் கற்பிக்கமாட்டாது.

இக்கோயிலைப்பற்றி இக்காலத்து இருவேறு கொள்கைகள் உலவுகின்றன. அவற்றைப் பரபக்கமாக வைத்து ஆராய்வாம்.

ஒரு சாரார் கூறுமாறு: "இது கலைச்சின்னமே, கோயிலன்று. வழிபாடு என்பது இங்கு என்றும் இருந்ததில்லை. ஆதலாற் பத்தியைப்பற்றிய பேச்சு இங்கு வேண்டா. கண்டு வியத்தலும் படமெடுத்தலும் அளந்து குறித்தலுமே இதற்குரியன." மற்றொரு சாரார் கூறுமாறு: "சிவபெருமானுக்கென்று தொடங்கிய கோயில் ஆயிரத்திருநூறு ஆண்டாகக் குறையாய்க் கிடத்தல் நமக்குப் பழியாம். கீழ்ப்பகுதியைச் செதுக்கி நிறைவுசெய்து, இலிங்கம் எழுந்தருளுவித்து, மண்டபமும் விளக்கும் அமைத்துக் குடமுழுக்காட்டுதல் வேண்டும். பழுதுற்ற கோயிலைப் புதுக்குதல் சிவபுண்ணியமன்றோ? ஆலயத்தை அரனெனவே தொழுக என்று மெய்கண்டாரும் பன்னிரண்டாஞ் சூத்திரத்து அருளினாரன்றோ?" முதற்கூற்று அறிவுடையார்போலத் தோன்றும், இரண்டாங்கூற்று அன்புடையார்போலத் தோன்றும். இரண்டும் குறையுடையன என்பது எம் துணிபு.

இரண்டாங்கூற்றை முதலில் எடுத்துக்கொள்வாம். அது நம்மவர் கூற்றாதலின். ஆகமங்கள் கிரியைகளை மூன்று தொகுதியாக வகுத்தல் கற்றார் அறிந்தது. நிலத்தை உழுதலாகிய கர்ஷணம் முதற் பிரதிட்டை ஈறாக உள்ளன ஒரு தொகுதி. பிரதிட்டை முதல் உற்சவம் ஈறாக உள்ளன மற்றொரு தொகுதி. உற்சவம் முதற் பிராயச்சித்தம் ஈறாக உள்ளன பிறிதொரு தொகுதி. பழுதுற்றதைப் புதுக்குதலாகிய சீர்ணோத்தாரணம் பிரதிட்டைக்குப் பின்னிகழும் குறைகளைத் தீர்ப்பது. பிரதிட்டை செய்யப்பட்டு மூர்த்தி சான்னித்தியம் பெற்ற இடத்தன்றே 'பழுது' என்னும் சொற்கு இடமுண்டு? பிறவாத குழந்தைக்கு நோய் தீர்த்தல் எங்ஙனம்? வெட்டுவான் கோயில் முதற்றொகுதியின் இடையிலேயே நின்றுவிட்டது. ஆகலின் இதனைப் பழுதுற்ற கோயிலென்று கொண்டு புதுக்கப் புகுதல் ஆகம நெறிக்கு ஒவ்வாது.

இவ்வேறுபாடு எம்முடைய கடற்கரைத் திருத்தலம் ஒன்றானும் விளங்கும். திருச்செந்தூரிற் பழைய கோயிலின் மென்கல் கடற்காற்றால் அரிப்புண்டு தேய்ந்தது. துறவியர் சிலர் ஊர்தோறும் இரந்து பொருளீட்டி, தலைமுறை கடந்து நிகழ்ந்த திருப்பணியை 1941-இல் நிறைவித்தனர். அதனைக் குறைகூறுவார் யார்? ஆண்டு நாள்வழிபாடு நிகழ்ந்துகொண்டிருந்தது, மூர்த்தி எழுந்தருளியிருந்தார், காக்கவேண்டியது அவ்வழிபாடு. கழுகுமலை விமானத்திற் காக்கவேண்டிய வழிபாட்டுமரபு என்று ஒன்று தொடங்கவேயில்லை. காக்கவேண்டியது கல்லிற் கிடக்கும் அன்புத்தொழிலே. இரண்டற்கும் ஒரே மருந்து கூறல் மருத்துவமாகாது.

செய்தல் வேறு, பிரதிட்டை வேறு என்பதைப் பாண்டியர் காலத்தார் நன்குணர்ந்திருந்தனர் என்பதற்கு அக்காலத்துக் கல்வெட்டொன்றே சான்று பகர்கின்றது. மதுரையை அடுத்த ஆனைமலையில் நரசிங்கப்பெருமாளுக்குக் குடைவித்த கோயிலொன்றுளது. பராந்தகன் நெடுஞ்சடையனின் அமைச்சனும், கரவந்தபுரத்தானும், மதுரகவி எனப் பெயர்பெற்றவனுமாகிய மாறன் காரி அதனைச் செய்வித்தான். கலியாண்டு 3871, அஃதாவது கி. பி. 770. அவன் நீர்த்தெளிப்பதன்முன் விண்ணுலகடைந்தானென்றும், அவனுக்குப்பின் அமைச்சுரிமை பெற்ற தம்பி மாறன் எயினன் முகமண்டபம் செய்து நீர்த்தெளித்தானென்றும் ஆண்டுள்ள வட்டெழுத்துச் சாசனம் கூறுகின்றது. கரவந்தபுரம் இன்று உக்கிரன்கோட்டை எனப்படும் நெல்லைச்சீமை ஊர். (மாறன், காரி, மதுரகவி என்னும் பெயர்கள் ஆழ்வார்திருநகரியார் செவிக்குப் பழகியன, ஆயினும் பெயரொற்றுமை ஒன்றே கொண்டு அமைச்சனையும் ஆழ்வார்களையும் உறவாக்கல் துணியத்தக்கதன்று.)

இச்சாசனத்தினின்று நாம் அறியற்பாலன இரண்டு. ஒன்று, கற்கோயில் வெட்டி முடிந்தமையானே கோயிலாயிற்றென்று அக்காலத்தார் கருதவில்லை. நீர்த்தெளித்தலாகிய கிரியை நிகழ்ந்தபின்பே கருதினர். ஆதலினன்றோ அண்ணன் செய்ததையும் தம்பி செய்ததையும் வேறுபிரித்துப் பொறித்தனர். மற்றொன்று, ஒருவன் விட்டதை மற்றொருவன் முடித்தல் கூடும்; ஆனால் முடித்தவன் உடன்பிறந்தவன், அதே பதவியினன், அண்ணன் கருத்தை அருகிருந்து அறிந்தவன். வெட்டுவான் கோயிலுக்கோ தம்பி ஒருவன் வாய்த்திலன். செய்வித்தான் கருத்தும், விதித்த ஆசாரியன் கருத்தும், வகுத்த சிற்பியின் அளவும் நமக்கு எட்டாதன. எட்டாத கருத்தைப் பன்னிரு நூற்றாண்டிற்குப்பின் நாம் முடித்தேம் என்றால், முடித்தது அவர் கோயிலாகாது, நம் கோயிலாம். அடுக்கிய கல்லாயின் தவறு நேர்ந்துழிக் கழற்றி மீட்டும் அடுக்கலாம். பாறையில் ஒருமுறை தெறித்த சில்லை யார் ஒட்டுவார்?

அற்றேல், மெய்கண்டார் திருவாக்கிற்கு என் சொல்வது? பன்னிரண்டாஞ் சூத்திரத்துக்கு ஆசிரியர் தாமே கூறிய ஏதுவை நோக்குக. இறைவன் எங்கும் உளன். ஆயினும் இவ்விடங்களில் விளங்கித் தோன்றுவன், ஏனையிடத்து விளங்காது நிற்பன் என்பதும், முன்னது தயிரில் நெய்போலவும் பின்னது பாலில் நெய்போலவும் ஆம் என்பதும் அவர் கருத்து. மந்திரத்தால் உருவில் வெளிப்படுதற்குக் கடைந்தவழித் தோன்றும் விறகின் தீ உவமையாயிற்று. ஆகவே, ஆலயத்தை அரனெனத் தொழுக என்ற விதி, கடைந்து வெளிப்பட்ட இடத்தைப்பற்றி எழுந்தது; 'கோயில்' என்று பெயர்பெற்ற கட்டடம் அனைத்தையும்பற்றி எழுந்ததன்று. ஏதுவை விட்டுச் சூத்திரத்தை மட்டும் பற்றிக்கொண்டு உளியெடுப்பார், பாலைக் கண்டு தயிரென்பாரை ஒப்பர்.

ஈண்டு முதற்சாரார் குறுக்கிட்டு, "அவ்வாறாயின் எம் கொள்கையே வென்றது; அங்குச் சிவம் இல்லை, கலையே உண்டு" என்பர். அற்றன்று. பாலில் நெய் விளங்கவில்லை என்றதனால் இல்லையென்றாயிற்றோ? விளங்காமை வேறு, இன்மை வேறு. இவ்வேறுபாட்டை விட்டாற் சித்தாந்தமே இல்லை. இவ்விமானத்தை அகழ்ந்தோர் படம்பிடித்து வியப்பார்க்காக அகழ்ந்திலர். தோன்றாத இறைவன் தோன்றுதற்கு இடம் வேண்டுமென்றே அகழ்ந்தனர். நோக்கத்தை நீக்கி வேலைப்பாட்டை மட்டும் வைத்துப் போற்றுவது, திருமுறையைச் சந்தத்தின்பொருட்டு மட்டும் ஓதுவதனோடு ஒக்கும். சாக்கிய நாயனார் எறிந்த கல்லை இறைவன் மலராக ஏற்றான் என்பது நம் கொள்கையாயின், தனக்கென இப்பாறையில் விழுந்த ஒவ்வோர் உளியடியையும் ஏலாது விட்டிருப்பனோ? வேலை நின்றது, வழிபாடு நின்றதன்று, உளியடியே வழிபாடாயிருந்தமையின்.

இவ்விரு சாரார்க்கும் இடையே வழிகாட்டுவது பூசலார் நாயனார் வரலாறு. காடவர்கோமான் கச்சியிற் பெருங்கற்றளி எடுத்துப் பிரதிட்டைக்கு நாள் குறித்தான். அதே நாளைப் பூசலார் திருநின்றவூரிலே தம் மனத்தகத்து எழுப்பிய கோயிலுக்குக் குறித்தார். இறைவன் அரசன் கனவிற்றோன்றி, அந்நாளிற் பூசலார் கோயிலிற் புகவேண்டுமாதலின் நின் நாளை ஒதுக்குக என்றருளினான். இவ்வரலாற்றை, மனக்கோயில் உயர்ந்தது கற்கோயில் தாழ்ந்தது என்று காட்டுதற்கு மட்டும் எடுத்தாள்வது வழக்கம். யாம் வேறொன்று காண்கின்றோம். மனத்தாற் செய்தாராயினும் பூசலார் முறையை விட்டிலர். பொருள் தேடினார், தச்சரைத் தேடினார், ஆகமப்படி அடிநிலை இட்டார், சிகரம் எடுத்தார், கிணறும் குளமும் மதிலும் வகுத்தார், எல்லாம் முற்றியபின்பே தாபிக்க நாள் கொண்டார். அரசனும் நாயனாரும் ஒரு முறையையே பின்பற்றினர். கல்லில்லாத இடத்தும் முறையுண்டு என்பதே அவ்வரலாறு நமக்கு உணர்த்துவது.

ஆகவே, கழுகுமலையிற் குறையாய் நிற்பதை நிறைவிக்க விரும்பும் அன்பர்க்கு நாயனார் வழி திறந்தே உள்ளது. உளியும் பைஞ்சுதையும் கொண்டு போகவேண்டுவதில்லை. எதிரே அமர்ந்து, சிற்பி நிறுத்திய இடத்தினின்று தொடங்கி, சுவரும் அடிநிலையும் கருவறையும் மனத்தால் அமைத்து, ஆண்டுப் பெருமானை எழுந்தருளுவித்துத் தொழுக. இஃது எம் கற்பிதமன்று. இருதயத்தைப் பூசைத்தானமாகவும், நாபியை ஓமத்தானமாகவும், புருவநடுவைத் தியானத்தானமாகவும் கொண்டு செய்யும் அகப்பூசையை ஒன்பதாஞ் சூத்திரத்தின்கீழ் மெய்கண்டார் வகுத்திருக்கின்றார். புறத்தே குறையுள்ள இடம் அகத்தே பூசிப்பார்க்குத் தடையன்று, ஒருவாற்றால் துணையுமாம். ஏனைக் கோயில்களில் எல்லாம் அமைந்திருத்தலின் மனம் சோம்பியிருத்தற்கும் இடமுண்டு. இங்கோ மனம் தொழில்செய்தாலன்றிக் கோயில் முற்றாது. அடிநிலை இட்டு முடிநோக்கி எழுப்புதல் உலகத்துக் கோயில்களின் முறை. இங்கே முடி முதலிற் றோன்றிற்று. அடி இன்னும் பாறைக்குள்ளேயே மறைந்திருக்கின்றது. திருவடி காண்டற்கரியது என்பதை இப்பாறை நினைப்பூட்டுகின்றதென்று அன்பர் கருதிக்கொள்ளலாம். சிற்பி அவ்வாறு கருதினான் என்று யாம் சாதிக்கவில்லை.

காக்குந் துறையினர்க்கும் ஒன்று கூறக் கடமைப்பட்டுள்ளோம். பழஞ்சின்னங்களைக் காத்தற்கு 1904-இல் எழுந்த சட்டமும், அதன்பின் 1958-இல் மைய அரசு இயற்றிய சட்டமும், வழிபாட்டிடமாயுள்ள சின்னத்தை அதன் இயல்புக்கு மாறான செயற்குப் பயன்படுத்தலாகாது என விதித்தன. தமிழ்நாடு 1966-இல் தனக்கென ஒரு சட்டம் வகுத்துக்கொண்டது. சட்டம் கூறும் 'இயல்பு' என்னும் சொல் பொருட்செறிவுடையது. ஒரு சின்னத்தின் இயல்பு கல்லின் வயதன்று; அது எதன்பொருட்டு வெட்டப்பட்டதோ அதுவே. ஆதலின், கல்லைச் சிதையாது காத்தலோடு, இது சிவபெருமானுக்கென வெட்டப்பட்ட இடம் என்பதை வருவார்க்கு உணர்த்துதலும், ஆரவாரமும் குப்பையும் கிறுக்கலும் இன்றி அமைதி நிலவச்செய்தலும் காப்பின் பகுதியேயாம். கல்லைக் காத்துக் கருத்தைக் கைவிட்டால் பாதிக்காப்பே ஆகும்.

சைவ அன்பர்க்கும் ஒன்று. அதே மலையிற் சமணர் திருவுருவங்கள் நிற்கின்றன. நம் ஆசிரியர்கள் அவர் கொள்கையை நூலால் மறுத்தனர், பரபக்கம் எழுதினர். ஆயினும் அவ்வுருவங்கள் பன்னூறாண்டாக அம்மலையில் நிலைபெற்றிருக்கின்றன. நமக்குரியதை நம் விருப்பப்படி மாற்றலாம் என்று இன்று நாம் வழிகாட்டின், பிறர்க்குரியதைக் காக்கும் வேலியும் உடன் தளரும். மூன்றும் ஒரு மலை. ஒரு வேலியே மூன்றனையும் காக்கின்றது. பழைமையைத் தொடாது காத்தல் பத்திக்குறைவன்று. பாறையிற் பெருமானுக்கென விழுந்த அடையாளங்களை மேலும் ஆயிரம் ஆண்டு நிற்கவிடுதலும் திருப்பணியே.

அன்று வினாவிய அன்பர்க்கு இப்போது கூறும் விடை இது: அங்கே தாராளமாகக் கும்பிடலாம். பிரதிட்டையுற்ற மூர்த்தி என்று கருதியன்று. எங்கும் நிறைந்தவனை, அவனுக்கென்று கல்லை வெட்டிய கைகளின் அன்பினிடத்து நினைந்து கும்பிடுக. கும்பிட்டபின் கல்லை இருந்தவாறே விட்டு வருக. குறையை நிறைவிக்கும் பணி உள்ளத்துக்குரியது. அதனை ஊருக்குத் திரும்பியும் செய்யலாம், நாள்தோறும் செய்யலாம்.

திருச்சிற்றம்பலம்